அச்சம் மட்டுமே கடவுளைப் படைத்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆதி மனிதனிடம் கடவுள் நம்பிக்கை தோன்றிய விதம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இடிக்கும் மின்னலுக்கும் நடுங்கிய மனிதன் அவற்றைத் தணிக்கக் கடவுளைக் கற்பித்துக்கொண்டான் என்பதும், அந்த நடுக்கத்தைப் பூசாரிகள் தங்கள் பிழைப்பாக்கிக்கொண்டார்கள் என்பதும் அதன் சாரம். 1944இல் திராவிடர் கழகம் என்ற பெயர் சூட்டப்பட்ட ஊர் சேலம். ஆகவே இந்த வாதம் எங்களுக்குப் புதிதன்று, மேடையிலும் தேநீர்க் கடையிலும் கேட்டு வளர்ந்ததுதான். அதன் சமூக நோக்கத்தோடு எனக்குப் பிணக்கு ஏதுமில்லை. ஆனால் தோற்றம் பற்றிய வரலாற்றுக் கூற்றாக அதை எடுத்துக்கொண்டால், இன்று நம்மிடமுள்ள சான்றுகளோடு அது ஒத்துப்போகவில்லை.

இடி இடித்தால் ஏற்காட்டுக் குரங்கும்தான் ஒடுங்கிக்கொள்கிறது. அது எதையும் கும்பிடுவதில்லை. அச்சம் எல்லா உயிர்க்கும் பொது. மனிதனிடம் மட்டும் அது வழிபாடாக மாறியது எப்படி என்பதுதான் கேள்வி, அதற்குக் கட்டுரையில் விடையில்லை.

நம்பிக்கை புதைபடிவமாக எஞ்சுவதில்லை; எஞ்சுவது புதைகுழி. இஸ்ரேலில் நாசரேத்துக்கு அருகேயுள்ள கஃப்சே குகையில், 90,000 ஆண்டுகளுக்கும் முன்பு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைக் குழியில் கிடத்தி, அதன் மார்பருகே மான் கொம்புகளை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அதே குகையில் செங்காவிக் கட்டிகளும் கிடைத்தன. ரஷ்யாவின் சுங்கிர் என்னுமிடத்தில், ஏறத்தாழ 34,000 ஆண்டுகளுக்கு முன் தலையோடு தலை சேர்த்துப் புதைக்கப்பட்ட இரு சிறுவர்களின் மேல் 10,000த்துக்கும் மேற்பட்ட தந்த மணிகள் இருந்தன. மாமத (மம்மத்) யானையின் தந்தத்தை அறுத்து, தேய்த்து, துளையிட்டு எடுத்தவை அவை. பனியிலும் பசியிலும் வேட்டையாடி வாழ்ந்த ஒரு சிறு கூட்டம், தனக்கு உணவு தேடித் தந்திருக்க முடியாத இரு பிள்ளைகளுக்காக அவ்வளவு உழைப்பையும் மண்ணில் போட்டு மூடியிருக்கிறது.

இறந்தவரின் ஆவிக்கு அஞ்சித்தான் இப்படிச் செய்தார்கள் என்று கட்டுரையாளர் மறுமொழி கூறலாம். அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் இடிக்கு அஞ்சும் அச்சம் வேறு, இது வேறு. போனவர் முற்றிலும் போய்விடவில்லை, எங்கோ இருக்கிறார் என்ற எண்ணம் முதலில் தோன்றியிருந்தால்தான் அவருக்கு அஞ்சவே முடியும். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871இல் சொன்ன விளக்கத்தைப் பின்வந்தோர் எவ்வளவோ குறை கூறியிருந்தாலும், அதன் ஒரு பகுதி எனக்கு இன்றும் ஏற்புடையதாகவே இருக்கிறது: நேற்றுப் புதைத்த தகப்பன் இன்று கனவில் வந்து பேசுகிறான், உடலைவிட்டுத் தனியே நடமாடும் ஏதோ ஒன்று உண்டு என்று கண்டவன் எண்ணுகிறான்.

அச்சத்துக்குப் பங்கே இல்லை என்பது என் கட்சியன்று. பப்புவா நியூ கினியை அடுத்த டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அங்குள்ள மீனவர்கள் ஆபத்தில்லாத உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை என்பதையும், திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள் செய்கிறார்கள் என்பதையும் பதிவு செய்தார். நிச்சயமின்மை சடங்கை வளர்க்கிறது என்பதற்கு அது சான்று; நம்பிக்கையின் வித்து அதுவே என்பதற்கு அன்று.

பூசாரிகளைப் பற்றி ஒரு சொல். உழைக்காமல் உண்ணும் பூசாரி வர்க்கம் உருவாக வேண்டுமானால், முதலில் சேமித்து வைக்கத் தானியம் வேண்டும். வேளாண்மையின் வயது ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு மேல் போகாது. மேலே சொன்ன புதைகுழிகள் களஞ்சியங்களைவிடப் பல்லாயிரம் ஆண்டுகள் மூத்தவை. 33 வேட்டைச் சமூகங்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வும், எல்லாப் பொருளிலும் உயிர் உறைகிறது என்ற நம்பிக்கையே மிகப் பழையது என்றும், மனிதர் நடத்தையில் தலையிடும் பெருந்தெய்வம் அச்சமூகங்களின் மூதாதையரிடம் இருந்ததாகத் தெரியவில்லை என்றும் முடிவு கூறியது. நம்பிக்கையைப் பிழைப்பாக்கியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்தபோது அது ஏற்கெனவே கிழமாகியிருந்தது.

நம் மண்ணின் சான்றும் இறந்தவரையே சுற்றி நிற்கிறது. மேட்டூருக்கு அருகே மாங்காட்டிலும் தெலுங்கனூரிலும் கிடைத்த, 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட இரும்புப் பொருள்கள் ஈமச்சின்னங்களைச் சார்ந்தவை. அன்று கிடைத்தற்கரிய உலோகத்தைப் பிணத்தோடு புதைத்திருக்கிறார்கள். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், பகைவரைத் தடுத்து, களிற்றை வீழ்த்தி மாண்டவனுக்கு நட்ட ‘கல்லே பரவின் அல்லது, நெல்லுகுத்துப் பரவும் கடவுளும் இலவே’ என்கிறார்; அந்தக் கல்லையன்றி நெல் தூவி வணங்கக் கடவுள் வேறில்லை என்பது பொருள். தருமபுரிப் பக்கம் வேடியப்பனாக இன்றும் பொங்கல் பெறுபவை அத்தகைய நடுகற்கள்தாம்.

இடி மின்னலுக்கே திரும்புகிறேன். சேர்வராயன் மலைக் கிராமங்களின் சிறு கோயில்களில், மரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் பூசிய வழவழப்பான கற்களைக் காணலாம். ஒரு முனை கூம்பியும், மறுமுனை கூர்மையாகத் தீட்டப்பட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் அவை, புதிய கற்கால மனிதர் மரம் வெட்டவும் மண் கொத்தவும் செய்துகொண்ட கற்கோடரிகள். அவற்றின் காலமும் பயனும் மறந்துபோன பின், உழும்போதும் கொத்தும்போதும் மண்ணிலிருந்து கிடைத்தவற்றை மலைமக்கள் தெய்வமாக வைத்துவிட்டார்கள். இதே வகைக் கோடரிகள் ஐரோப்பியக் கிராமங்களில் கிடைத்தபோது, அவை இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பி, மின்னல் தாக்காதிருக்க வீட்டில் பத்திரப்படுத்தினார்கள். அங்கே இடியின் ஆயுதமான கல், இங்கே பிள்ளையாரோடு சேர்ந்து படையல் பெறுகிறது. கல்லையும் இடியையும் வைத்து மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. ஊர் கூடி அதற்கு என்ன கதை சொன்னது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கையும் இதில் உண்டு. ஈராக்கின் ஷானிதார் குகையில், அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதரின் எலும்போடு மகரந்தம் கிடைத்ததைக் கண்டு, மலர் தூவிப் புதைத்தார்கள் என்று நெடுங்காலம் எழுதினோம். மண்ணில் கூடு கட்டும் தேனீக்கள் கொண்டுவந்த மகரந்தமாகவும் அது இருக்கலாம் என்று இப்போது காட்டப்பட்டுள்ளது. பொருள் வாய் திறந்து பேசாது. மாறாக, மத்தியப் பிரதேசத்தின் பாகோரில் 10,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்மேடை ஒன்றில், இயற்கையாகவே முக்கோண வரிகள் அமைந்த ஒரு கல் உடைந்து கிடந்தபோது, அதன் பொருளை ஆய்வாளர்களுக்குப் புலப்படுத்தியது அக்கம்பக்கத்து ஊர்களின் வழக்கமே. அங்குள்ள கோல், பைகா மக்கள் அதே போன்ற கற்களை மேடையில் வைத்துத் தாய்த் தெய்வமாக வழிபட்டுவந்தார்கள்.

அத்தகைய வாய்ப்பு சேர்வராயன் மலையில் இன்னும் இருக்கிறது. தொல்லியல் துறையினர் அக்கோடரிகளை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றுவிடாமல், அவை இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, எந்தக் காட்டில் கிடைத்தது, யார் கொண்டுவந்து வைத்தது, எந்த நோன்புக்கு அதற்குப் படையல் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்ட இக்காலத்தில், அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஓரிருவரே எஞ்சியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.