புயலுக்குத் தப்பியவர்

மண்டபம்,
டிசம்பர் 23

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத நினைத்தேன். வாடைக்காற்று பிடித்ததிலிருந்து எனக்கு இருமல், அப்புறம் பேரனுக்குக் காய்ச்சல் என்று நாள் ஓடிவிட்டது. இப்போது இருவருக்கும் தேவலை. கடல் கலங்கிக் கிடக்கிறது. நான்கு நாளாக வள்ளம் எதுவும் இறங்கவில்லை.

நீ எழுதியதில் ஒன்றுதான் மனசை விட்டுப் போகவே இல்லை. நடிகை சாவித்திரியின் கதையாக 2018-இல் வந்த ‘நடிகையர் திலகம்’ படத்தை உன் பேத்தி இப்போதுதான் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, “குடிச்சே செத்துப்போனவங்கதானே பாட்டி சாவித்திரி?” என்று கேட்டாளாம். என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன் என்கிறாய். நேற்று டிசம்பர் 22. அந்தத் தேதி வந்தாலே எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அம்மாவையும் சாவித்திரியையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1964-இல் நாம் நாலாம் வகுப்பு. “ராமேஸ்வரத்துக்கு ஜெமினி கணேசனும் சாவித்திரியும் வந்திருக்காகளாம்” என்று நம் தெருவே பேசிக்கொண்டிருந்தது. அம்மா ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே, “நம்ம பக்கம் ரயில்ல திரும்புவாகதானே, ஸ்டேஷனுக்குப் போனா முகத்தைப் பாத்துரலாம்” என்று கணக்குப் போட்டாள். அன்று, டிசம்பர் 22 ராத்திரிதான், புயல் வந்தது. எங்கள் கூரை முழுசாகப் போய், அப்பா எங்களை அரிசிப் பானைகளோடு சேர்த்துச் சுவர் மூலையில் அணைத்துப் பிடித்திருந்தார். பாம்பனிலிருந்து நடுராத்திரிக்குச் சற்று முன்னால் கிளம்பிய பாசஞ்சர் தனுஷ்கோடியை எட்டாமலே கடலோடு போனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல். பாம்பன் பாலமும் உடைந்ததால் ராமேஸ்வரத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இந்தக் கரையில் யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினியர் பொறுப்பேற்று 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தாரே, அந்த வேலைக்கு அப்பாவும் கூலியாகப் போனார்.

சாவித்திரி குடும்பம் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் திரும்பிவிட்டதால் பிழைத்தது என்று பின்னால் நம் ஊரில் சொன்னார்கள். அம்மாவுக்கு அன்றிலிருந்து அவர் சினிமாக்காரி இல்லை. நம்மோடு சேர்ந்து அந்தக் காற்றைக் கேட்டவர்.

பேத்திக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வாயோ. முடிவைச் சொல்லாதே, தொடக்கத்தைச் சொல். குண்டூர்ப் பக்கம் சிர்ராவூர் என்ற கிராமத்தில் பிறந்த பிள்ளை. ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா இல்லை. பெரியப்பா வீட்டில் வளர்ந்து, நடனம் கற்று, நாடகத்தில் ஆடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸ் வந்தவர். 1950-இல் ‘சம்சாரம்’ என்ற தெலுங்குப் படத்தில் பெரிய வேஷம் கிடைத்தும் பயத்தில் சரியாக வரவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ‘பாதாள பைரவி’யில் ஒரு நடனம் மட்டும். அப்படித் தள்ளப்பட்ட பெண் மூன்றே வருஷத்தில், 1953-இல், ‘தேவதாஸ்’ பார்வதியாக நின்றார். ‘மிஸ்ஸியம்மா’வில் முதலில் கதாநாயகியாகப் போட்டிருந்தது பானுமதியை, சாவித்திரிக்கு இரண்டாவது வேஷம்தான். பானுமதி விலகியதும் அந்த இடம் இவருக்கு வந்தது. வாய்ப்பு யாருக்கும் வரும். அந்தக் கதாநாயகி மேரியின் கோபத்தையும் வீம்பையும் அப்படி நடித்துக் காட்ட எத்தனை பேரால் முடியும்?

‘மாயா பஜார்’ படத்தை அவளுக்கு முதலில் போட்டுக் காட்டு. 1957-இல் வந்தது. கடோத்கஜன் கதாநாயகி வத்சலாவாக உருமாறி வந்து நிற்கிற இடம். பட்டுச் சேலையும் பூவுமாக ஒரு பெண். உள்ளே இருப்பதோ கடோத்கஜனாக நடித்த ரங்காராவ் என்கிற மலை. அந்த நடை, தோளை உயர்த்துவது, கண்ணை உருட்டுவது எல்லாம் ரங்காராவ்தான். யாராவது பார்க்கிறார்கள் என்றதும் நொடியில் வெட்கப்படுகிற பொண்ணாக மாறிவிடுவார். வசனத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாலும் உடம்பில் இருப்பது யார் என்று தெரியும். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண் செய்த வேலை அது. இத்தனை வருஷத்தில் நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது.

நம் கொட்டகைக்கு ‘பாசமலர்’ வந்தபோது நாம் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? ஒரே மிஷின், ரீல் மாற்றுகிற நேரமெல்லாம் விளக்குப் போடுவார்கள். போட்ட ஒவ்வொரு தடவையும் சுற்றிலும் பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உன் பெரியம்மா வெளியே வந்த பிறகும் பேசவே இல்லை.

கல்யாண விஷயத்தையும் பேத்தி கேட்பாள். மறைக்க வேண்டாம். ஜெமினி கணேசனுக்கு ஏற்கெனவே மனைவி, குழந்தைகள் இருந்தார்கள். 1952-இல் சாவித்திரி அவரை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். பெரியப்பாவுக்குத் தெரியாமல், ஊருக்குத் தெரியாமல். பிறகு ஒரு சோப்பு விளம்பரத்தில் ‘சாவித்திரி கணேஷ்’ என்று கையெழுத்துப் போட்டபோதுதான் வெளியே வந்தது என்பார்கள். நமக்கு அந்தக் காலத்தில் அது தப்பா சரியா என்று யோசிக்கத் தெரியாது. இப்போது யோசிக்கும்போது, முதல் மனைவியின் வலியும் எனக்குத் தெரிகிறது, அந்தச் சின்னப் பெண்ணின் நம்பிக்கையும் தெரிகிறது. ஒன்றுக்காக மற்றதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தப் புயல் வருஷத்தில்தான் ‘கை கொடுத்த தெய்வம்’ வந்தது. எல்லாரிடமும் வெகுளியாகப் பேசிச் சிரிக்கிற ஒரு பெண்ணுக்கு ஊரே கெட்ட பெயர் கட்டிவிடும். அந்த வேஷத்தில் நடித்தவருக்கே ஊர் பின்னால் அதைச் செய்துவிட்டது. நூற்றுக்கணக்கான படங்கள், தமிழ், தெலுங்கு இரண்டிலும் சொந்தக் குரல். 1968-இல் பெரும்பாலும் பெண்களையே வைத்து ‘சின்னாரி பாப்பலு’ எடுத்து இயக்குநராகவும் ஆனார். 1971-இல் ‘பிராப்தம்’ எடுத்துக் கையிலிருந்த பணத்தை இழந்தார். குடும்பமும் பிரிந்தது, குடி வந்தது. நடந்தது நடந்ததுதான். ஆனால் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அதை மட்டும் பேத்தி கையில் கொடுத்தால், அவள் அந்த முகத்தைப் பார்க்கவே மாட்டாள். எனக்கு வருத்தம் அதுதான்.

பத்தொன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து, 1981 டிசம்பர் 26-இல் போனார். எனக்கு அப்போது மூத்தவன் வயிற்றில். அம்மா வீட்டில் இருந்தேன். ரேடியோவில் செய்தி கேட்டதும் அம்மா முடைந்துகொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். “அந்தப் புயல்ல தப்பிச்ச பிள்ளைடி அவ” என்றாள். அன்று முழுக்க அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை.

அம்மா கடைசிவரை சாவித்திரியை நேரில் பார்க்கவில்லை.

சரி, என் பேரன் விளக்கை அணைக்கச் சொல்கிறான். காரல் கருவாடும் கொஞ்சம் நெத்திலியும் தனித்தனியாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். வழியில் ஈரம் ஏறியிருக்கும், பிரித்ததும் ஒரு நாள் வெயிலில் போடு. தை மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. புதுப் பாலத்தில் ரயில் போகிறது. தனுஷ்கோடிக்கு இப்போது கடைசிவரை நல்ல ரோடும் இருக்கிறது. புயலில் இடிந்த அந்தக் கோயில் சுவர் கிட்டே அவளைக் கூட்டிப்போய் மீதியை நானே சொல்கிறேன்.

உன்,
மண்டபத்துத் தோழி