மோஷன் கண்ட்ரோல் படப்பிடிப்பில் தந்த தரவு பொருந்தாதது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கார் விளம்பரம் ஒன்றுக்காக ஒரே கேமரா அசைவை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யும் உங்கள் மோஷன் கண்ட்ரோல் ரிக்கையும் அதை இயக்குபவர்களையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். படத்தில் வரும் காரை நாங்கள் கணினியில் உருவாக்குகிறோம். வெறும் சாலையைப் படம்பிடித்து அதன்மேல் காரை நிறுத்த வேண்டும். அதற்குக் கேமரா போன பாதை எங்களுக்கு அப்படியே வேண்டும். சாதாரண கிரேன் போதுமென்றால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டோம்.

ஷாட் 10 விநாடி, விநாடிக்கு 25 பிரேம். ஆக பிளேட்டில், அதாவது வெறும் சாலைப் படத்தில், 250 பிரேம். கேமரா போன பாதையைப் பதிந்து நீங்கள் அனுப்பிய கேமரா கோப்பில் 240தான் இருந்தது. 24 பிரேம் கணக்கில் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. சரி, நாமே திருத்திக்கொள்ளலாம் என்று 250க்கு மாற்றினோம். முதல் பாதி அழகாகப் பொருந்தியது. அப்புறம், சாலையில் இருக்கும் வெள்ளைக் கோட்டின்மேல் நின்ற முன் டயர், கோட்டை விட்டு மெல்ல வழுக்கத் தொடங்கியது. நிற்கும் கார் அது!

ஒப்பிட்டுப் பார்க்க நிஜக் காரை நிறுத்தி, அதே கேமரா அசைவில் எடுத்த பாஸையும் வெறும் சாலை பாஸையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். அவையும் அதே இடத்திலிருந்துதான் விலகுகின்றன. கேமரா இரண்டாவது தண்டவாளத் துண்டில் ஏறும் இடம் அது. இரண்டு பாஸ்களுக்கும் நடுவே காரை வெளியே எடுக்க வழிவிட்டு அந்தத் துண்டைத் தூக்கி வைத்ததை எங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். ரிக் தன் கணக்குப்படி சரியாகத்தான் போயிருக்கிறது, கீழே தண்டவாளம்தான் பழைய இடத்தில் இல்லை.

சுற்றியுள்ள ஒளியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் (எக்ஸ்போஷர்) எடுத்துச் சேர்க்கும் எச்டிஆர்ஐ படமும் இப்படித்தான். கார் நிற்கும் இடத்தில் எடுக்க வேண்டியதை ரிக்கின் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள். கார் பெயின்ட் கிட்டத்தட்ட கண்ணாடி, சுற்றியிருப்பதுதான் அதில் தெரியும். இப்போது எங்கள் காரின் கதவு முழுக்க உங்கள் ரிக்கின் கை நீண்டு கிடக்கிறது. மூன்றே எக்ஸ்போஷர் எடுத்ததால் சூரியன் வெளுத்துப்போய், அதன் உண்மையான பிரகாசம் பதிவாகவில்லை. நல்ல வெயிலில் எடுத்த சாலையில் காரின் நிழல் மட்டும் மேகமூட்டத்தில் விழுந்ததுபோல மங்கலாக இருக்கிறது.

இரண்டு முறை எழுதினோம். படத்தை வைத்தே கேமரா பாதையைக் கணக்கிடும் டிராக்கிங் மென்பொருளில் சரிசெய்துகொள்ளுங்கள் என்று ஒரு வரி பதில் வந்தது. கையால் டிராக் செய்யும் வேலையைத் தவிர்க்கத்தானே ரிக்கையே எடுத்தோம்? ஒன்பது இரவுகளாக எங்கள் ஆட்கள் இருவர் ஒவ்வொரு பிரேமாக டயரைக் கோட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ரிக் எதற்கு என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதே சாலையில், அதே வெயில் நேரத்தில், உங்கள் செலவில் மறுபடி எடுத்துத் தர வேண்டும். பாஸ்களுக்கு நடுவே தண்டவாளத்தை யாரும் தொடக்கூடாது. எச்டிஆர்ஐயைக் கார் நிற்கும் இடத்தில், சூரியன் வெளுக்காத அளவுக்குக் குறைந்த எக்ஸ்போஷர் வரை எடுக்க வேண்டும். கேமரா கோப்போடு, லென்ஸ் படத்தை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் லென்ஸ் கிரிட் படமும் வேண்டும், இதுவரை அதுவும் வரவில்லை. மறுபடி எடுக்க முடியாதென்றால் வாடகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். இரண்டு பாஸ்களையும் ஒன்றாக்கிய வீடியோவை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர்