டிரம் ஸ்டிக் வாங்கப் போற பாப்பாவுக்கு

பாப்பா,

மணிக்கட்டு வலிக்குதுன்னு நேத்து போன்ல நீ சொன்னதுலேர்ந்து அப்பாவுக்கு அதே நெனப்பா இருக்கு. நீ அனுப்புன பிராக்டிஸ் வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஜூம் பண்ணுனா டிரம் ஸ்டிக்ல 2பி-ன்னு அளவு போட்டிருக்கு. உங்க பேண்ட்ல முன்னாடி வாசிச்ச பையன் விட்டுட்டுப் போனதுன்னு சொன்னல்ல, அது அவன் கைக்கு சரியா இருந்திருக்கும். உனக்கு அம்மாவோட கை, உள்ளங்கை சின்னது, விரலும் ஒல்லி, அந்தக் கைக்கு 2பி ரொம்பக் கனம்மா. வலிக்கு வேற காரணமும் இருக்கலாம், அதனால குறையலைன்னா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டிரு, ஆனா ஸ்டிக்க மொதல்ல மாத்து. போன்ல சொன்னா பாதி காதுல விழாது, அதான் உட்கார்ந்து எழுதுறேன்.

நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். நம்பர் ஏற ஏற ஸ்டிக்கும் தடியாகும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, ஆனா இங்க தலைகீழ், 7ஏ ஒல்லி, 5ஏ நடுத்தரம், 5பி அதவிட தடி, 2பி இன்னும் தடி. நம்பரோட வர்ற எழுத்து, அமெரிக்காவுல லட்விக் டிரம் கம்பெனி நடத்துன வில்லியம் எஃப். லட்விக் காலத்துலேர்ந்து வர்ற வழக்கம்னு சொல்வாங்க, ஏ ஆர்கெஸ்ட்ராவுக்கு, பி பேண்டுக்கு, எஸ் தெருவுல நடந்துக்கிட்டே வாசிக்கிறவங்களுக்கு. ஆர்கெஸ்ட்ராவுல சத்தம் அளவா வேணும், அதனால ஏ ஒல்லி, பேண்ட்ல ஊதுற கருவிங்களுக்கு நடுவுல டிரம் கேக்கணும், அதனால பி தடி. இப்ப யாரும் அப்படிப் பிரிச்சு வாங்குறதில்ல, பேரு மட்டும் நின்னுபோச்சு.

ஸ்டிக் செய்யுற விக் ஃபர்த் கம்பெனி அளவச் சொல்றேன் பாரு. 7ஏ தடிமன் 0.540 இன்ச், நீளம் பதினஞ்சரை இன்ச். 5ஏ 0.565, 5பி 0.595, ரெண்டும் 16 இன்ச் நீளம். 2பி 0.630, நீளம் பதினாறே கால். 7ஏ-வுக்கும் 2பி-க்கும் தடிமன்ல ரெண்டேகால் மில்லிமீட்டர் கிட்டதான் வித்தியாசம், இதுல என்ன வந்துடப் போகுதுன்னு தோணும். ஆனா தடிமன் கொஞ்சம் கூடுனாலே மரத்தோட எடை அதவிட வேகமாக் கூடும், ஒரே மரமா இருந்தா 2பி மூணுல ஒரு பங்குக்கு மேலயே கூடுதல் கனம். சின்னக் கையில அது சரியா அடங்காது, நழுவிடுமோன்னு உன்னையும் அறியாம இறுக்கிப் பிடிப்ப, இறுக்கிப் பிடிச்சா ஸ்டிக் தானா எகிறி வர்ற துள்ளல் செத்துப்போகும், அப்பறம் ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டுதான் தூக்கிக் குடுக்கணும். உன் வீடியோவுல ஹை-ஹேட்ல, அதான் அந்த ஜோடித் தட்டு சிம்பல்ல, வேகமா பதினாறாம் நோட் வாசிக்கிற எடத்துல கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருக்கு, அப்பா அங்கதான் வீடியோவ நிறுத்தி வச்சிருக்கேன்.

அதனால நீ 5ஏ-லேர்ந்து ஆரம்பி. கடையில 7ஏ-வும் கேட்டு வாங்கி ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிச்சுப் பாரு. மெலடி பாட்டுக்கு 7ஏ கையில அழகா நிக்கும், சிம்பல் சத்தம் பாட்டை மறைக்காது, ஆனா உங்க பேண்ட்ல ரெண்டு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வச்சு வாசிக்கிறாங்க, அதுக்கு மேல ஸ்நேர் டிரம் கேக்கணும்னு 7ஏ-வ வச்சு ஓங்கி ஓங்கி அடிச்சா அதுலயும் கை வலிக்கும், ஸ்டிக்கும் சீக்கிரம் உடையும். ஒல்லியா இருந்தா நல்லதுன்னு கண்ண மூடிக்கிட்டு எடுத்துடாத. இன்னொன்னு, எல்லாக் கம்பெனி 5ஏ-வும் ஒன்னு கெடையாது, ப்ரோமார்க் கிளாசிக் 5ஏ 0.551 இன்ச், வேட்டர் 5ஏ 0.570. ஆன்லைன்ல நம்பர மட்டும் பார்த்து ஆர்டர் போட வேணாங்கிறது அதனாலதான்.

மரம் ஹிக்கரியே எடு. அடிக்கிற அதிர்ச்சிய அது நல்லா வாங்கிக்கும், கைக்கு அவ்வளவா வராது. மேப்பிள் எடை கம்மி, சத்தம் கம்மியா வாசிக்க நல்லாருக்கும், ஆனா டிரம் விளிம்பும் தோலும் சேர்ந்து படுற மாதிரி ரிம் ஷாட் அடிச்சா சீக்கிரம் சிதையும். ஓக் கனம், இப்ப உனக்கு வேணாம்.

நுனி மரமா நைலானாங்கிறதும் கேப்பாங்க. மர நுனி சீக்கிரம் பிஞ்சு போகுதுன்னு ஜோ கலாட்டோங்கிறவரு 1958-ல நைலான் நுனி கொண்டு வந்தாரு, தாளம் ஓட்டுற பெரிய ரைட் சிம்பல்ல அது பளிச்சுன்னு கேக்கும். எனக்கு மர நுனியோட சத்தம்தான் பிடிக்கும், காதுக்கு இதமா இருக்கும். ஆனா உன் ரூம்ல எலக்ட்ரானிக் கிட் இருக்குல்ல, அதோட வலைத்துணி மெஷ் ஹெட்ல நுனி பிஞ்ச மர ஸ்டிக்க வச்சு வாசிச்சா வலை கிழிஞ்சுரும், அதுக்குன்னு நைலான் நுனியில ஒரு ஜோடி தனியா வச்சுக்கோ.

இப்ப சொல்றதுதான் முக்கியம், ஜோடி பார்க்கிறது. விக் ஃபர்த் ஸ்டிக் விக்கிறதுக்கு முன்னாடியே பாஸ்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுல டிம்பனிங்கிற அண்டா மாதிரி டிரம் வாசிச்சவரு, கடையில கெடைச்ச ஸ்டிக் எதுவும் அவருக்குத் திருப்தியா இல்ல, அதனால தானே செய்ய ஆரம்பிச்சு 1963-ல கம்பெனி போட்டாரு. ஜோடி சேர்க்கிறப்ப எடை மட்டும் பத்தாது, தட்டுனா வர்ற சுருதியும் ரெண்டுலயும் ஒத்து வரணும்ங்கிறதுல அவரு கறாரா இருந்தாரு. இருந்தாலும் கவர்ல ஜோடியா வந்திருக்குன்னு அப்படியே வாங்கிடாத, வெண்டைக்காய ஒடிச்சுப் பார்த்து வாங்குற மாதிரி ஒவ்வொன்னா பாரு. கடையில கண்ணாடி கவுண்டர் இருக்கும், அதுமேல ஸ்டிக்க வச்சு உள்ளங்கையால லேசா உருட்டி விடு, நேரா இருந்தா ஒரே சீரா ஓடும், வளைஞ்சிருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் நடுப்பகுதி தூக்கி தூக்கி உக்காரும், டக் டக்னு சத்தமே கேக்கும். அப்பறம் ரெண்டையும் லேசாப் பிடிச்சு ஒன்னு மாத்தி ஒன்னு மேசையில தட்டு, ஒன்னு கீச்சுன்னும் ஒன்னு மொத்துன்னும் கேட்டா வேணாம், ஸ்நேர்ல விடாம உருட்டி ரோல் வாசிக்கிறப்ப வலது ஒரு சத்தம் இடது ஒரு சத்தம்னு நொண்டும். மரத்தோட ரேகையையும் வெளிச்சத்துல பாரு, அடியிலேர்ந்து நுனி வரைக்கும் நீளவாக்குல ஓடணும், நுனிக்குக் கீழ ஒல்லியாகுற கழுத்துப் பக்கத்துல குறுக்க வெளிய போனா அந்த எடத்துலதான் உடையும். கடைக்காரர் முகஞ்சுளிச்சா சுளிச்சுட்டுப் போகட்டும், நம்ம காசுதானே.

வாங்கி வந்ததும் ஒரு நாள் பிராக்டிஸ் பேட்ல மட்டும் வாசி. ஸ்டிக்க அடியிலேர்ந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல பிடிச்சு, அது எகிறி வர்றப்ப விரல் தளர்வா விட்டு வாங்கு. மணிக்கட்டு வழக்கமா வலிக்கிற நேரத்துல என்ன ஆகுதுன்னு பார்த்து எனக்குச் சொல்லு, அதுக்கப்பறம்தான் கிட்ல உக்காரணும். பணம் அனுப்பிருக்கேன், மூணு ஜோடிக்குப் பத்தும். அந்த 2பி-ய அந்தப் பையன்கிட்டயே திருப்பிக் குடுத்துரு, கிட்டக்க இருந்தா அவசரத்துல அதத்தான் எடுப்ப.

அன்போட
அப்பா