ஞாபகம் இல்லாத பிள்ளைகளா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடல்வலு இருக்கிறது, சொல்லிக்கொடுப்பதை ஞாபகம் வைக்கிற திறன்தான் இல்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. மலையகத்தில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக வலைப்பந்து பழக்குகிறவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருடம் ஒரு முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பயிற்றுவிப்பாளர் ஒரே மூச்சில் ஒன்பது விஷயம் சொன்னார், அதுவும் சிங்களத்தில். எங்கள் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பந்து கைக்கு வந்துவிட்டது. வலைப்பந்தில் பந்தை 3 விநாடிக்குமேல் வைத்திருக்க முடியாது. அவள் பந்தோடு அப்படியே நின்றாள். "மறதிக்காரி" என்று சொல்லி வெளியில் நிறுத்திவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. மனிதர் ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடியது ஏழு விஷயம், அதில் இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்று உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இலேயே எழுதினார். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதையும் நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். கொழும்புப் பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். ஒரு திறனைப் பழகுவதற்கு பிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1967இல் மூன்று படி சொன்னார்கள்: யோசித்து யோசித்துச் செய்வது, பிழை குறைந்து வருவது, கடைசியில் யோசிக்காமலே கை செய்வது. முதல் படியில் நிற்பவளிடம் ஒன்பதைக் கொட்டினால் எது தங்கும்?

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது ஒரே சொல்: "சுண்டு." பந்தை விடும்போது மணிக்கட்டைச் சுண்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கிழமை வேறு எதுவும் சொல்லவில்லை. அதன்பிறகு கிட்ட நின்று ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, எட்ட நின்று ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடவைத்தேன். அப்படிப் பழகும்போது அன்றைக்குப் பிழை கூடும், ஆனால் நாள் கழித்தும் நிற்பது அதுதான். ஷே, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் 1979இல் காட்டியதை எங்கள் களத்தில் நானே கண்டேன். இப்போது அவள் கதைத்துக்கொண்டே கோல் போடுகிறாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பதும் அப்படித்தான். கண் மேட்டுப் பக்கம் இருக்கும், வாய் கதையில் இருக்கும், விரல் மட்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒடித்துக்கொண்டே போகும். அந்தக் கைக்கா ஞாபகம் இல்லை?

எங்களுக்கு மைதானம் கிடையாது. தொழிலாளரைக் காலையில் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் பழகுகிறோம். முப்பது பேருக்கு இரண்டு பந்து. பந்து சரிவில் உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேடவே கால்மணி நேரம் போய்விடும். இதில் ஒன்றையாவது அந்தக் கட்டுரை தொட்டதா? மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பிள்ளைகள் இரண்டாம் இடம் வந்தபோதும் படத்தைப் போட்டுப் பெயர்களை மாற்றிவிட்டீர்கள். கடிதம் எழுதினேன், திருத்தம் வரவில்லை. அந்தப் பேப்பரை ஒரு தாய் இன்னும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார், மகளின் படத்துக்குக் கீழே வேறொருத்தியின் பெயரோடு.

கண்டியில் பிறந்த முரளிதரன் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது, நம்ம மலையகத்துப் பிள்ளை என்று எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட மட்டும்தானா நாங்கள் மலையகம்?

அந்த வரியைத் திருத்தி அதே பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். பயிற்சி முகாம் அறிவித்தல்களை ஒரு கிழமைக்கு முன்னரே வெளியிடுங்கள். எங்களுக்குப் பேப்பர் பகல் பஸ்ஸில்தான் வருகிறது.

இப்படிக்கு,
வலைப்பந்துப் பயிற்றுநர் ஒருவர்,
மஸ்கெலியா.