பெரியகுளத்தங்கரையில் அம்மாவோடு நடந்தவர்களுக்கு

கோவை உக்கடம் பெரியகுளத்துக்குக் காலையில் நடக்க வரும் எல்லாருக்கும் வணக்கம்.

கைத்தடியோடு மெதுவாக வருகிற நரைமுடி அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். நான் அவர் மகள். உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொன்னது ஒன்றுதான்: "நல்லா நடக்கணும். ஏத்த இறக்கம் இல்லாத தரையாப் பாருங்க, நடுநடுவுல உட்கார எடம் வேணும்." குனியமுத்தூரில் எங்கள் வீதியில் கால் வைத்தால் சாக்கடை மூடி, வேகத்தடை, குறுக்கே நிற்கிற வண்டி. ஹாலுக்குள்ளேயே நடந்து நடந்து அம்மாவுக்கு வெறுத்துப் போனது. பெரியகுளத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னது எங்கள் ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன். அவரே தினமும் கொண்டுபோய் விட்டார். காத்திருந்ததற்கு ஒரு நாளும் காசு வாங்கவில்லை.

ஆரம்பத்தில் முதல் பெஞ்சு வரைதான் போக முடிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் அம்மா நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மிணி, தடிய எடது கைக்கு மாத்துங்க. ஆபரேசன் ஆன காலுக்கு எதிர்க் கையில புடிச்சாத்தான் பாரம் கொறையும்" என்றார். மாற்றிப் பிடித்த அன்றே நடையில் சாய்மானம் குறைந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று வாசல் சரிவில் வைத்துப் பழக்கியதும் அவர்தான். ஐயா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பாலக்காட்டுச் சேச்சிக்கு என்ன சொல்ல! வேகமாக நடக்கிறவர், அம்மாவுக்காகவே நடையைக் குறைத்துக்கொண்டார். "மெதுவா மதி (போதும்) அம்மா, அவசரம் வேண்டா" என்று கூடவே வந்தார். ஆடி மாதம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால் அந்தக் காற்று நேராக நம் ஊருக்குள்தான் வரும். குளத்துமேல் வரும்போது தடி ஊன்றி நடக்கிறவரைத் தள்ளியே விடும். அந்த நாட்களில் சேச்சியும் அவர் தோழிகளும் யாரும் சொல்லாமலே மேற்குப் பக்கமாக வந்து, அம்மாவைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு நடந்தார்கள். பின்னால் வந்த நான் அதைப் பார்த்துக் கண் கலங்கினேன்.

விடிவதற்கு முன்பே வந்து பாதையைக் கூட்டி வைக்கிற தூய்மைப் பணியாளர் அக்காமாருக்கும் பெரிய கும்பிடு. மழைக்கு மறுநாள் ஈரச் சருகு ஒன்று தடிக்கு அடியில் மாட்டினால் போதும், ஆள் வழுக்கிவிடும். மற்றவர்கள் தாண்டிப் போய்விடலாம், எங்களால் முடியாது.

அந்தக் காலத்தில் கரை போட்ட முகம் தெரியாத சனங்களையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் நொய்யல் தண்ணீரைத் தேக்கத்தான் கரை கட்டினார்கள். ஓரிடத்தில் தாழ்ந்தாலும் தண்ணீர் அங்கேதான் உடைத்துக்கொண்டு போகும், அதனால் மட்டம் பார்த்துப் பார்த்து மண் கொட்டியிருப்பார்கள். அந்த மட்டம்தான் இன்று அம்மாவின் முழங்காலைத் தாங்குகிறது. 2013 கோடையில் பெரியகுளத்தைத் தூர் வார மண்சட்டியோடு திரண்ட ஊர்மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. இன்று பெஞ்சில் உட்கார்ந்து கூழைக்கடா மிதப்பதைப் பார்க்கிறோம் என்றால் தண்ணீர் நிற்பதால்தானே.

இப்போது அம்மா பெரியகுளத்தோடு நிற்பதில்லை. அதன் உபரி நீர் போகிற வாலாங்குளத்துக்கும் சில நாள் போய், சுங்கம் பைபாஸ் ஓரப் பாதையில் நடக்கிறார். ரயில் போனால் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

ஒரே ஒரு வேண்டுகோள். நுழைவாயில் சரிவுப் பாதையில் பைக்கை நிறுத்த வேண்டாம். தடியும் சக்கர நாற்காலியும் வர அது ஒன்றுதான் வழி. சொன்னதும் வண்டியை நகர்த்திய தம்பிகளுக்கு நன்றி.

அம்மாவின் வாக்கர் வீட்டில் சும்மா இருக்கிறது. உயரம் கூட்டிக் குறைக்கலாம், ரப்பர் புஷ் புதிதாக மாற்றியிருக்கிறோம். ஆபரேஷன் முடிந்து வருகிற யாருக்காவது தேவைப்பட்டால் வாசலில் காவலர் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். மறுநாள் காலையில் கொண்டு வந்து தருகிறேன். காசு எதுவும் வேண்டாம்.

நன்றியுடன்,
குனியமுத்தூரிலிருந்து ஒரு மகள்