ஹப் சர்க்யூட்டில் பிழைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் பக்கத்தில் வந்த நான்கு போர்ட் யுஎஸ்பி 2.0 ஹப் (ஒரு போர்ட்டை நான்காகப் பிரிக்கும் கருவி) சர்க்யூட் பார்க்க அழகு. அப்படியே போர்டு அடித்தால் தகராறுதான். டைப்-சி சாக்கெட்டில், என்ன செருகியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் அறிய உதவும் இரண்டு சிசி பின்களையும் சேர்த்து ஒரே 5.1 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டிருக்கிறார்கள். பின்னுக்கு ஒன்று தனித்தனியே வேண்டும். சாதாரண கேபிளில் இந்தப் பிழை தெரியாது. இ-மார்க்கர் சிப் (கேபிளின் திறனைச் சொல்லும் சிப்) வைத்த கேபிளைச் செருகினால், அதிலுள்ள சுமார் 1 கிலோஓம் இந்த 5.1 கிலோஓமுடன் பக்க இணைப்பாகி மொத்தம் 836 ஓம் ஆகும். கம்ப்யூட்டர் அதை ஆடியோ சாதனம் என்று நினைத்து 5 வோல்ட்டே தராது.

சாதனங்களைச் செருகும் கீழ் போர்ட்டுகளின் சப்ளையில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதாது. குறைந்தது 120 வேண்டும். இல்லாவிட்டால் பென்டிரைவ் செருகும்போது பக்கத்துப் போர்ட்டின் மவுஸ் துண்டிக்கப்படலாம். 10 என்பது கம்ப்யூட்டரோடு இணையும் மேல் போர்ட்டுக்கான உச்சவரம்பு. இரண்டையும் குழப்பிவிட்டார்கள் போலும்.

இங்ஙனம்,
மின்னணுத் துறை வாசகர்