காலப்பயணச் சித்திரக்கதை படைப்போருக்குப் பழனி மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழில் காலப்பயணச் சித்திரக்கதைகளை எழுதும், வரையும், பதிப்பிக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளுக்கான சிறு நூலகத்தை நடத்தி வருகிறேன். உங்கள் நூல்களை அட்டை கிழியும்வரை படிக்கும் இப்பிள்ளைகள், பாடநூல்களில் தங்கள் மலையைப் பற்றி அதிகம் படிப்பதில்லை. எனவே நீங்கள் வரைந்து காட்டும் பழங்காலமே அவர்கள் மனத்தில் வரலாறாகப் பதிந்துவிடுகிறது. அண்மையில் வந்த ஒரு தொடரில், கால இயந்திரம் சங்ககாலத்தில் இம்மலைப் பகுதியை ஆண்ட வள்ளல் பேகனின் நாட்டில் இறங்குகிறது. நாயகனுக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவனுக்கு இடப்படும் விருந்தில் உருளைக்கிழங்கும் மிளகாயும் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அவ்விரண்டும் ஐரோப்பியர் கடல்வழியாக வந்த பிறகே இந்நாட்டுக்கு வந்தவை. ஆஸ்திரேலிய மரமான யூகலிப்டஸ் நம் மலைகளில் வேர்விட்டது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

இயந்திரம் கற்பனை என்பது சிறுவர்களுக்கும் தெரியும். அது போய் இறங்கும் இடம் உண்மையானது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் அக்கற்பனையை ஏற்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குரிய பொறுப்பு உங்களுடையது என்று கருதுகிறேன்.

பேகனையே எடுத்துக்கொள்ளுங்கள். மயிலுக்குப் போர்வை தந்த கதையை எல்லோரும் வரைந்துவிட்டார்கள். ஆனால் புறநானூற்றில் அவனைப் பாடிய கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும், அவன் பிரிந்து வாழ்ந்த மனைவி கண்ணகிக்காக அவனிடமே முறையிட்டிருக்கிறார்கள். 143-ஆம் பாடலில், மலையில் மழை பொழிய வேண்டும் என்று பலி தூவும் குறவர், மழை மிகுந்தபோது அது நீங்க வேண்டும் என்றும் கடவுளை வழிபட்டு, மழை ஓய்ந்த மகிழ்ச்சியோடு புனத்தில் விளைந்த தினையை உண்கிறார்கள். தினைப்புனமும் மேகம் கவிந்த சாரலும் வழிபாடும், அரசனிடம் ஒரு பெண்ணுக்காக வழக்குரைக்கும் நான்கு புலவர்களும் அங்கேயே இருக்க, ஓவியர் உருளைக்கிழங்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி வரும் பழைய மலைத்தோற்றத்தை இன்றும் மன்னவனூர்ப் பக்கம் ஓரளவு காணலாம்.

அதற்கும் முந்தைய காலத்துக்குச் செல்ல விரும்புவோர் கீழ்மலைக்கு வரலாம். தாண்டிக்குடிப் பகுதியிலும் பிற இடங்களிலும் உள்ள கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச் சின்னங்களை, பற்றி அங்லாத், நியூட்டன் என்னும் இரு பாதிரியார்கள் எழுதிய ஆய்வைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டிருக்கிறது.

வெள்ளையர் காலக் கதைகளுக்குத் தேதிகள் துல்லியமாகவே கிடைக்கின்றன. அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள்; அங்குள்ள ஏரி 1863-இல் உருவானது. எனவே 1850-இல் நடக்கும் கதையில் படகுச் சவாரி வரக் கூடாது. என் மனத்தை மிகவும் கவர்ந்த களம் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம். சூரியப் புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டறிந்தது இங்கேதான். அவருடைய மனைவி மேரியும் வானியல் அறிஞர். இந்த இருவரையும் சந்திக்கும் ஒரு மேல்மலைச் சிறுமியை நீங்கள் படைக்கலாம். அவளைக் குறிஞ்சி பூத்த சரிவில் நிறுத்த நினைத்தால், அதற்கும் கணக்கு இருக்கிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் 1910 வருகிறது. ஆகவே அந்த ஜனவரியில் அவள் பூவைக் காண முடியாது, அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையே ஓர் அத்தியாயமாக்கலாம் அல்லவா?

ஆண்டுக் கணக்கு கதையைக் கட்டிப்போடும் என்று அஞ்ச வேண்டாம். பிரான்ஸில் 1967-இல் தொடங்கிய வலேரியன் என்னும் காலப்பயணச் சித்திரக்கதைத் தொடர், 1986-இல் உலகம் பேரழிவைச் சந்திக்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. அந்த ஆண்டு நெருங்கியபோது அதன் படைப்பாளிகளான கிறிஸ்தனும் மெசியேரும் சொன்னதை மறைக்காமல், கதைக்குள்ளேயே வரலாறு மாறுவதாக அமைத்து, தங்கள் தேதிக்குக் கணக்குக் கொடுத்தார்கள். தொடரின் சிறந்த பகுதிகளுள் சில அதிலிருந்தே பிறந்தன என்பது என் கருத்து.

இம்மலையின் பழங்குடிகளான பளியர்களைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். எந்த நூற்றாண்டுக் கதையானாலும் அவர்களை இலையுடுத்தி ஈட்டி ஏந்திய கூட்டமாக வரைந்து, வந்தவனைக் கண்டு வியக்க வைப்பது அவர்களை அவமதிப்பதாகும். தேன் எடுப்பதிலும் கிழங்கு அகழ்வதிலும் மருந்துச் செடிகளை அறிவதிலும் தேர்ந்த அம்மக்களின் பிள்ளைகளும் எங்கள் நூலகத்துக்கு வருகிறார்கள். தங்கள் பாட்டன் பூட்டனை அந்தப் பக்கங்களில் அவர்கள் எப்படிக் காண வேண்டும் என்பதை, வரைவதற்கு முன்பு அந்தக் குடும்பங்களிடமே கேளுங்கள்.

ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் எது வரலாறு, எது கற்பனை என்று எழுதுங்கள். அச்சுக்கு முன் மாதிரிப் படிகளை மலையூர்ப் பெரியவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள். இம்மலையைக் களமாகக் கொண்டு நீங்கள் அடுத்து எழுதும் தொடருக்கு, எங்கள் நூலகத்துப் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி உட்காரவைத்துப் படித்துத் திருத்தம் சொல்ல அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
மேல்மலை நூலகர் ஒருவர்